அம்மாவுக்கு ஆக்சிமீட்டரில் 89, 90 தான் காட்டுகிறது. ஆக்சிஜனைக் கூட்டலாமா?

அமராவதிக்கரை | நவம்பர் 4, இரவு 11.20

வணக்கம். கரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. பீடி, சிகரெட் புகை எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் கேஸ் அடுப்பு வரும்வரை நாற்பது வருடம் விறகு அடுப்பில்தான் சமையல், அதுவும் புகை போக வழியில்லாத ஓட்டு வீட்டில். இரண்டு வருடமாக இளைப்பு. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். போன மாதம் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் போய், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அனுப்பும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 1 லிட்டரில் வைக்க வேண்டும், ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 88-க்கும் 92-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. 89, 90, சில சமயம் 91. அதற்கு மேல் போகவே இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், 95-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கொரோனா காலத்தில் சொன்னார்களே, ஏன் சும்மா இருக்கிறாய் என்கிறார்கள். மாமா இன்று வந்து, மெஷினில் 5 லிட்டர் வரை இருக்கிறது, 3-ல் வைத்துப் பார், நம்பர் தானாக ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரே மகன். ராத்திரி எல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலில் மாட்டிப் பார்க்கிறேன். அம்மாவும் தூங்காமல் "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கூட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைமகள் | நவம்பர் 4, இரவு 11.52

தம்பி, கூட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். டாக்டர் 1 என்று எழுதியிருந்தால் 1 தான்.

என் அப்பாவுக்கும் இதே நோய். பஸ் கண்டக்டராக இருந்தவர், முப்பது வருடப் பீடி. 2022-இல் 2 லிட்டர் ஆக்சிஜனோடு வீட்டில் இருந்தார். 90 காட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நானே 4-க்குத் திருகி வைத்தேன். அரை மணி நேரத்தில் 97. அவ்வளவு சந்தோஷம். அந்த நம்பரைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அப்பாவும் பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினார். குணமாகிறது என்றே நினைத்தேன்.

காலையில் எழுந்ததும் தலை வெடிக்கிறது என்றார். காபியைக் கையில் கொடுத்தால் கை படபடவென்று துள்ளியது. என் பெயருக்குப் பதில் அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினோரு மணிக்கு மேல் தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. அப்போதும் ஆக்சிமீட்டர் 97 தான் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் இரண்டு மணி நேரம் சும்மா இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறிப் போயிருக்கிறது என்றார்கள். மூச்சுக்குத் துணையாகக் காற்றை அழுத்தித் தரும் பைபாப் மெஷினில் இரண்டு நாள் முகமூடி கட்டி வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தார். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க முடியவில்லை. இன்று ராத்திரி அந்தத் திருகைத் தொடாதீர்கள் தம்பி.

அமராவதிக்கரை | நவம்பர் 5, அதிகாலை 12.10

அக்கா, கை நடுங்குகிறது. நான் இன்னும் கூட்டவில்லை. மாமா போனதும் 3-ல் வைக்கத்தான் போனேன், அம்மா தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நன்றி. ஆனால் ஆக்சிஜன் நல்லதுதானே, அது ஏறினால் ஏன் இப்படி ஆகிறது என்று புரியவில்லை.

நர்ஸக்கா | நவம்பர் 5, காலை 6.35

நெஞ்சுநோய் வார்டில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொதுவாக எல்லோருக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கான அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்லியும் இருக்கிறார்.

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவது இன்னொன்று. விரலில் மாட்டும் கருவி முதல் வேலையை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டாவது வேலை நடக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவே தெரியாது. வைகைமகளின் அப்பாவுக்கு 97 காட்டியபோதே மயக்கம் வந்தது அதனால்தான்.

சிஓபிடியில் நுரையீரலின் சில பகுதிகள் கெட்டுப்போய்க் காற்று சரியாகப் போகாது. அந்தப் பகுதிகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உடம்பே சுருக்கி வைத்து, நன்றாக இருக்கும் பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். வாய்க்காலில் மடை மாற்றுவது மாதிரி. நாம் ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் தளர்ந்து, கெட்ட பகுதிக்கும் ரத்தம் பாயும். அங்கே போன ரத்தம் கார்பன் டை ஆக்சைடைக் கழிக்காமலே திரும்பி வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய ஏறும்போது, ஹீமோகுளோபினும் தான் சுமந்துகொண்டிருந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கை ரத்தத்திலேயே இறக்கிவிடும். சிலருக்கு மூச்சு விடும் வேகமும் குறையும். எல்லாம் சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை என்று உலகம் முழுவதுமே வைத்திருக்கிறார்கள். 95 என்று நீங்கள் கேள்விப்பட்டது நுரையீரலில் பழைய நோய் இல்லாதவர்களுக்கான கணக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆக்சிஜனுக்குப் பயந்து மெஷினை அணைத்துவிடாதீர்கள். அது இதைவிட மோசம். அந்த 15 மணி நேரமும் காரணத்தோடு சொன்னதுதான். 1980, 1981-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த சிஓபிடி நோயாளிகள் தினமும் நீண்ட நேரம் வீட்டில் ஆக்சிஜன் எடுத்தபோது கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள். தூங்கும் நேரத்தையும் அந்த 15 மணிக்குள் கொண்டுவந்துவிட்டால் பகலில் கொஞ்சம் விடுதலை கிடைக்கும்.

இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதை நிறுத்துங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, அம்மா வழக்கத்தை விடச் சிரமப்பட்டால் அப்போது ஒன்று. அவர் தூங்குவதும் மருந்துதான். நீங்கள் தூங்குவதும்.

திண்ணை | நவம்பர் 5, காலை 8.05

என்னைக் கேட்டால் அந்தக் கருவியையே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்பேன். எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் இருந்ததா? என் மாமியார் அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்து, 96 என்றால் சாப்பிடுவார், 94 என்றால் சாப்பாட்டை ஒதுக்கிவிடுவார். பயத்தில் மூச்சு வாங்கி, அந்த மூச்சைப் பார்த்து இன்னும் பயம். எடுத்து பீரோவில் பூட்டிய பிறகுதான் மனுஷியாக நடமாடுகிறார். நோயை விட நம்பர் பயம்தான் ஆளைக் கொல்கிறது.

செம்பருத்தி | நவம்பர் 5, காலை 9.40

திண்ணை அண்ணா, உங்கள் மாமியார் விஷயம் புரிகிறது. ஆனால் தூக்கிப் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

2021 மே மாதம். என் கணவருக்குக் கொரோனா வந்து ஏழாவது நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, கட்டிலில் சாய்ந்து ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, இருமல்கூட அதிகம் இல்லை. சும்மா மாட்டிப் பார்த்தேன், 84. கருவி கெட்டுவிட்டது என்று என் விரலில் மாட்டினேன், 98. அவருக்குத் திரும்ப மாட்டினேன், 85. குப்புறப் படுக்க வைத்தேன். 94-க்குக் கீழே போனால் அப்படிப் படுக்கச் சொல்லி ஏப்ரலில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் படத்தோடு போட்டிருந்தது. 108 வரும்வரை அப்படியே இருந்தார், 90 வரை ஏறியது. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். அந்தக் கருவி இல்லை என்றால், போன் பேசுகிறாரே, நன்றாகத்தான் இருக்கிறார் என்று நான் சமையலறைக்குப் போயிருப்பேன்.

நர்ஸக்கா | நவம்பர் 5, காலை 10.30

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கொரோனா நிமோனியாவில் ஆள் தெம்பாகத் தெரிவார், நம்பர் விழுந்திருக்கும். ஆஸ்துமா இழுப்பில் நம்பர் நன்றாக இருக்கும், ஆள் தவித்துக்கொண்டிருப்பார். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏதோ ஒரு நோயில் ஏமாந்துபோவோம். ஆகவே ஆளையும் பாருங்கள், நம்பரையும் பாருங்கள், இரண்டையும் அந்த ஆளின் வழக்கமான நாளோடு ஒப்பிடுங்கள்.

ஆளைப் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்பீர்கள். முதலில் மூச்சை எண்ணுங்கள். அம்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண் வயிற்றின் மேல் இருக்கட்டும். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணாதீர்கள். சொன்னால் யாருக்குமே மூச்சு மாறிவிடும். வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தத் தந்திரம்தான். நோயில்லாத பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. உங்கள் அம்மாவுக்கு நல்ல நாளிலேயே 20, 22 இருக்கலாம். அதுதான் அவருடைய கணக்கு. அதை எழுதி வையுங்கள். 25-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம்.

அப்புறம், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறாரா? கழுத்து நரம்பு புடைத்து, தோள் ஏறி இறங்குகிறதா? படுத்தால் முடியாமல் எழுந்து உட்காருகிறாரா? சளி வெள்ளையாக இருந்தது மஞ்சளோ பச்சையோ ஆகிவிட்டதா? கால் வீங்குகிறதா? உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வழக்கமில்லாத தூக்கமாக இருந்தாலோ நம்பரையே பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

திண்ணை ஐயா, உங்கள் மாமியாரிடம் கருவியைக் கொடுக்க வேண்டாம், பீரோவிலேயே இருக்கட்டும். ஆனால் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

கருவிக்காரர் | நவம்பர் 5, பிற்பகல் 1.15

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கருவியின் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அந்தக் கவ்விக்குள் இரண்டு ஒளி இருக்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை அதிகம் கடக்க விட்டு அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும், ஆக்சிஜன் இல்லாத ரத்தம் அதற்கு எதிர். விரலின் மறுபக்கம் வந்து சேரும் இரண்டு ஒளியின் விகிதத்தை வைத்து நம்பர் போடுகிறது. ஆனால் விரலில் தோல், சதை, எலும்பு, சிரை ரத்தம் என்று எல்லாமே ஒளியை உறிஞ்சுமே, தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த டாகுவோ அவோயாகி என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். அவர் வேறொரு அளவை எடுக்க முயன்றபோது நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கப் போராடும்போதுதான், துடிக்கிற பகுதி மட்டும் தமனி ரத்தம், அதில்தான் ஆக்சிஜன் செய்தி இருக்கிறது என்று பிடித்தார். 1974-இல் அதை வெளியிட்டார்கள். அவர் 2020 ஏப்ரலில் காலமானார். அவர் கண்டுபிடித்த கருவியை உலகமே கடைகடையாகத் தேடிக்கொண்டிருந்த மாதம் அது. எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இது தெரிந்தால் எங்கே தப்பும் என்பதும் தெரிந்துவிடும். துடிப்பு பலமாக இல்லை என்றால் நம்பரும் சரியாக இருக்காது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் ஆட்டாமல் வைத்து, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, நம்பர் ஓடுவது நின்று நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் காட்டும் நம்பரை எழுதாதீர்கள். அதில் காட்டும் நாடித் துடிப்பும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஆக்சிஜன் நம்பரையும் நம்ப வேண்டாம். நெயில் பாலிஷ் இருந்தால் அழியுங்கள். கல்யாண வீட்டில் கருகருவென்று மருதாணி வைத்த விரலும் சில சமயம் சண்டித்தனம் பண்ணும், வேறு விரலில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று புள்ளி இப்படி அப்படி இருக்கும். 90 என்றால் 87 ஆகவும் இருக்கலாம், 93 ஆகவும் இருக்கலாம். காலையில் 90, சாயங்காலம் 91 என்பது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதே விரல், அதே கருவி, அதே நேரம் என்று வைத்து, நாள்கணக்கில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

நம் தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விட அதிகமாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கருவியில் 92 முதல் 96 காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், ரத்தம் எடுத்துப் பார்த்தபோது உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். நம்மில் பலருக்கு நல்ல கருப்பு. ஆகவே நம்பர் சுமாராக இருக்கிறது, ஆள் சரியில்லை என்றால் ஆளை நம்புங்கள்.

போன் கேமராவில் விரல் வைத்தால் ஆக்சிஜன் சொல்லும் என்று வரும் ஆப்களை இறக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் அதற்கான ஒளியே கிடையாது.

மலைக்காற்று | நவம்பர் 5, மாலை 6.50

ஊட்டியிலிருந்து. கருவிக்காரர் சொன்னதில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், இந்தக் குளிர் தொடங்கும் நேரத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது.

இங்கே குளிருக்கு அடுப்புக்கரியை இரும்புச் சட்டியில் போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பார்கள். சுற்றுலா வந்தவர்களும் செய்கிறார்கள். கரி புகை தெரியாமல் எரியும், ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டே ஒளி உள்ள சாதாரண ஆக்சிமீட்டருக்கு அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் மாதிரியே தெரியும். ஆள் செத்துக்கொண்டிருப்பார், கருவி 98 என்று காட்டும். எங்கள் தெருவில் ஒரு குடும்பமே தலைவலி, வாந்தி என்று தள்ளாடியது. யாரோ கருவியை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்துப்போட்டதால் தப்பித்தார்கள். மூடிய அறை, கரி அடுப்பு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் கருவியைத் தேடாதீர்கள், வெளியே ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, இங்கே 2,240 மீட்டர் உயரம். கீழே 97 காட்டியவருக்கு இங்கே இரண்டு மூன்று குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். ஆனால் ஏற்கெனவே 90-ல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலை ஏறாதீர்கள்.

இளந்தளிர் | நவம்பர் 5, இரவு 9.05

என் பையனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. போன வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு. ஆக்சிமீட்டர் 96 காட்டியது. 96 தானே, காலையில் போகலாம் என்று காத்திருந்தோம். அவனால் "அம்மா தண்ணி" என்று சேர்த்துச் சொல்ல முடியவில்லை. அம்மா என்பான், மூச்சு விடுவான், தண்ணி என்பான். விலா எலும்பு இடுக்கெல்லாம் உள்ளே குழிந்தது. நான்கு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஆஸ்துமாவில் நம்பர் கடைசியில்தான் விழும், அதற்குள் பிள்ளை களைத்துவிடும் என்றார்.

இப்போது பீக் ஃப்ளோ மீட்டர் வைத்திருக்கிறோம், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளப்பது. பிளாஸ்டிக் குழல்தான், விலை அதிகமில்லை. நின்றுகொண்டு, முழு மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, இருப்பதில் பெரியதை எழுத வேண்டும். நன்றாக இருந்த இரண்டு வாரத்தில் அவனுடைய பெரிய அளவு 200. அதில் 80 சதவீதம், அதாவது 160-க்கு மேல் என்றால் பச்சை. 100 முதல் 160 வரை மஞ்சள், டாக்டர் எழுதிக்கொடுத்த கூடுதல் இன்ஹேலர். 100-க்குக் கீழே சிவப்பு, இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி. இழுப்பு வருவதற்கு ஒரு நாள் முன்பே அளவு இறங்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊதத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுவதுதான் வழி. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ணி, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவா என்று உடனே பார்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கிராம செவிலியர் சொல்லிக்கொடுத்தது.

புறாக்கூடு | நவம்பர் 6, காலை 7.30

சென்னை. எனக்கு நுரையீரலில் தழும்பு விழும் நோய், ஐஎல்டி. மாடி பால்கனியில் பல வருடம் புறா கூடு கட்டியதும், அந்த எச்சத்தை நான் தினமும் கூட்டித் தள்ளியதும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

என் பிரச்சினை வேறு மாதிரி. உட்கார்ந்து பார்த்தால் 96. யாரிடம் காட்டினாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை என்பார்கள். எட்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் துணி காயப்போட மொட்டைமாடி ஏறி, கருவியோடு உட்கார்ந்தேன், 85. கீழே வருவதற்குள் 95. அந்தக் குறிப்பைக் காட்டிய பிறகுதான் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எழுதினார்கள். மூச்சு வாங்குகிறது, ஆனால் நம்பர் நன்றாக இருக்கிறது என்பவர்கள் நடந்து முடித்த உடனே ஒன்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை விழுந்தது, பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆனது என்று இரண்டையும் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே குறைவாக இருப்பவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் இதை வீட்டில் செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரியில் ஆள் துணையோடு செய்யட்டும்.

நர்ஸக்கா | நவம்பர் 6, காலை 9.10

மிக முக்கியமான பதிவு. இதோடு ரத்தசோகையையும் நினைவில் வையுங்கள். நம் பெண்கள் பலருக்கு ஹீமோகுளோபின் 7, 8 தான். இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிறைந்திருப்பதால் கருவி 99 காட்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வண்டி நிறைய ஆள் இருக்கிறது என்று கருவி சொல்கிறது, ஓடுவதே பாதி வண்டிதான் என்று சொல்வதில்லை.

அமராவதிக்கரை | நவம்பர் 6, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. ஒரு நோட்டு போட்டுவிட்டேன். தேதி, நேரம், ஆக்சிஜன், நாடி, மூச்சு எண்ணிக்கை, சளி நிறம், மெஷின் ஓடிய மணி நேரம். அம்மாவுக்கு இரண்டு நாளும் மூச்சு 20, 21 தான். மாமாவுக்கு வைகைமகள் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, அந்தத் திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார்.

இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு மூக்கு வறண்டு எரிகிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா? மெஷின் இருக்கும் அறையில்தான் சாமி மாடமும் இருக்கிறது. விளக்கு ஏற்றாமல் அம்மாவால் இருக்க முடியவில்லை.

கருவிக்காரர் | நவம்பர் 6, இரவு 9.30

எண்ணெய் வேண்டாம், வாசலினும் வேண்டாம். ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கச் சாதகமானது. தண்ணீர் சேர்ந்த ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். விளக்கை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் ஒரு பொறி பட்டாலும் புடவை, தலையணை, முடி எல்லாம் பற்றிப் பரவும் வேகம் பல மடங்காகும். அம்மா விளக்கு ஏற்றும் நேரம் மெஷினை அணைத்து, குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த அறைக்குப் போகட்டும். சேலையில் தங்கிய ஆக்சிஜன் கலைய வேண்டும். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், அந்த நுரையீரலுக்குப் புகை போதும்.

மெஷின் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும், அது காற்றை இழுத்துத்தான் ஆக்சிஜனைப் பிரிக்கிறது. பின்பக்கப் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மின்வெட்டுக்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருங்கள். பி டைப் என்பார்கள், சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும்.

நர்ஸக்கா | நவம்பர் 7, காலை 6.20

அம்மாவுக்கு ஒரு மூச்சுப் பழக்கம் சொல்லிக்கொடுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊத வேண்டும். விளக்குச் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது என்ற அளவுக்கு. நிஜ விளக்கு வேண்டாம், கற்பனையில் போதும். மூச்சு வாங்கும்போது இப்படி ஊதினால் உள்ளே சிக்கிக்கொண்ட காற்று வெளியேறி அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

அமராவதிக்கரை | நவம்பர் 7, மாலை 7.00

சொல்லிக்கொடுத்தேன் அக்கா. நாற்பது வருடம் ஊதாங்குழலில் ஊதினவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்றார். ஊதிக் காட்டினார், சரியாகவே இருந்தது.

அமராவதிக்கரை | டிசம்பர் 12, இரவு 10.15

இத்தனை நாள் கழித்து வருகிறேன். போன ஞாயிறு காலை நோட்டில் எழுதும்போது ஆக்சிஜன் 90, வழக்கம் போலத்தான். மூச்சை எண்ணினேன், 26. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணினேன், 27. முந்தின இரண்டு நாள் பக்கத்தைப் புரட்டினால் 22, 24 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சளியும் வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருந்தது. அம்மா ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். நம்பரை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன். நோட்டோடு அழைத்துப் போனேன். டாக்டர் மூன்று நாள் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், சேர்க்க வேண்டாம் என்று ஐந்து நாளைக்கு மாத்திரையும் நெபுலைசரும் எழுதிக்கொடுத்தார். இன்று மூச்சு 21. போன தடவை ஒன்பது நாள் படுத்திருந்தோம்.

வைகைமகள் அக்கா, அன்று ராத்திரி நீங்கள் தூங்கிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

வைகைமகள் | டிசம்பர் 12, இரவு 10.40

அம்மா எப்படி இருக்கிறார் என்று தினமும் இந்தப் பக்கம் வந்து பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி. கண் நிறைந்துவிட்டது. அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் பேர் மறைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் மெஷின் ஓடுகிறது, காட்ட வேண்டும்.

அமராவதிக்கரை | டிசம்பர் 13, காலை 7.10

போடுகிறேன் அக்கா. நேற்று சாயங்காலம் ஆக்சிமீட்டர் வெளிச்சம் மங்கி, நம்பர் வந்து வந்து போனது. பேட்டரி தீர்ந்தாலும் அளவு தப்பாகக் காட்டுமா?

கருவிக்காரர் | டிசம்பர் 13, காலை 8.25

காட்டக்கூடும், மங்கினால் அந்த அளவை நோட்டில் எழுதாதீர்கள். உடனே இரண்டு பேட்டரியையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு வேண்டாம். மாற்றியதும் முதலில் உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள், உங்களுக்கு வழக்கமாக வருவது வந்தால் அப்புறம் அம்மாவுக்கு. மாற்று ஜோடி ஒன்று நோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.